பன்னிரண்டாம் பாத்தியின் சபேயா

மூங்கில் படலை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டாமல் உதயசூரியன் பாத்திக்குள் கால் வைப்பதில்லை. டப், டப். பிறகு இடது தோளை முதலில் நுழைத்து, வயிற்றை எக்கி, நெரிசலில் புகுகிறவர் மாதிரி ஒருக்களித்து உள்ளே போவார். அங்கே நெரிசலும் இல்லை, ஒன்றும் இல்லை. இருபதடிக்கு முப்பதடி மண், அதில் கொஞ்சம் பச்சை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஷ்வேப்யிதா–சூலே பஸ்ஸில் தொங்கிய உடம்புக்கு அதெல்லாம் புரியுமா? "ஷே தோ, ஷே தோ! முன்னால போங்கம்மா, உள்ள எடம் இருக்கு!" என்று ஒரு வல்லாரைக் கொத்தைப் பார்த்துக் கத்துவார். வல்லாரை அசையாது. "பஸ்சுல ஏறுனவன் எவன் சொன்னவொடனே நகந்திருக்கான்?" என்று அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டு, குனிந்து, அவரே அதை வேரோடு பெயர்த்து நாலு விரற்கடை முன்னால் தள்ளி நடுவார்.

கண்டக்டரைப் பர்மாவில் சபேயா என்பார்கள். உதயசூரியன் என்ற நீளப் பெயர் பர்மியர் வாயில் புகுந்து 'கோ துரியா' ஆகி வெளியே வந்தது. பிறகு தமிழர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வயது ஐம்பத்தேழு. தன் இடது கை வலது கையைவிட ஒரு அங்குலம் நீளம் என்று சொல்வார். "தொங்கித் தொங்கி நீண்டுபோச்சு, வேணும்னா அளந்து பாரு" என்று இரண்டையும் நீட்டியும் காட்டுவார். கல்யாணப் பத்திரிகையோ மருந்துச் சீட்டோ, எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகிக்கொள்வார். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்கார மாட்டார். நிலைப்படியில் ஒரு காலை வைத்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எத்தனை தலை என்று ஒரு பார்வையில் எண்ணிவிடுவார்.

பந்தி நடக்கும் இடத்தில் இவரை விட்டால் போதும். "பெரியவரே, கொஞ்சம் ஒடுங்குங்க, இன்னும் ஒரு எலை போடலாம். யக்காவ், பைய மடியில வைங்க. உள்ள எடம் இருக்கு, உள்ள எடம் இருக்கு!" நாற்பது பேர் உட்காரும் பந்தியில் ஐம்பத்திரண்டு பேர் முழங்கையும் முழங்கையும் இடிக்கச் சாப்பிட்டு எழுவார்கள். பக்கத்து இலைப் பாயசத்தில் தன் அப்பளத்தை நொறுக்கிய கதை இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒன்று உண்டு.

போன வருஷம் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். பாடையை வேனில் ஏற்றினார்கள். பெண்கள் கதறிக்கொண்டிருந்தார்கள். பின்கதவைச் சாத்திய உதயசூரியனின் கை, அவரைக் கேட்காமலே தகரத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டது. வாயும் அதன்பாட்டுக்கு "ஸ்வெ ஸயா!" என்று குரல் கொடுத்துவிட்டது. 'ஆள் ஏறியாச்சு, வண்டியை எடு' என்று டிரைவருக்குச் சொல்லும் சத்தம் அது. வேன் பாய்ந்து கிளம்பிப் போய்விட, ஏறவேண்டிய மூத்த மகன் கொள்ளிச்சட்டியோடு தெருவில் நின்றார். அந்த வீட்டாருக்கு இன்றைக்கும் இவரைக் கண்டால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

பஸ்ஸில் காசு போடப் பெட்டி வைத்த வருஷம் சபேயாக்கள் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். "பெட்டி ஏறுச்சு, மனுசன் எறங்கிட்டான்" என்பதோடு அந்தக் கதையை முடித்துக்கொள்வார். இப்போது ஒரு செருப்பு ஃபேக்டரியில் பகல் வாட்ச்மேன். லாரி வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், கேட் தானே திறக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் லாரியின் பக்கவாட்டில் தட்டி "ஸ்வெ!" என்று இவர் போட்ட சத்தத்தில் உள்ளே தையல் மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. அன்றிலிருந்து சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு. எட்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்குகிறார். அந்த எட்டு வருஷச் சத்தமும் தொண்டைக்குள் எங்கேயோ சேர்ந்து கிடந்திருக்க வேண்டும்.

இவருக்குத் தோட்ட ஆசை வந்ததற்குக் காரணம் இவருடைய வீட்டுக்காரி கனகாம்பாள். தெருமுனையில் காலையில் சட்டி வைத்து சுரைக்காய் பஜ்ஜி போடுகிறவர். பூதீ ஜோ என்று கேட்டு பர்மியரும் தமிழரும் வரிசையில் நிற்பார்கள். பஜாரிலிருந்து வரும் சுரைக்காயோடு கனகாம்பாளுக்குத் தினமும் சண்டை. "காயா இது? கட்ட! இத எண்ணெயில போடக்கூடாது, அடுப்புல போடணும்" என்று காயின் தலையில் குட்டுவார். ஒருநாள் உதயசூரியன் நிலைப்படியில் நின்றபடியே அறிவித்தார்: "ஆடி போயி ஆவணி வந்துச்சுன்னா ஒனக்கு பஜார் சுரக்கா கெடையாது. நம்ம டிப்போலருந்தே வரும். பிஞ்சா, வெரல் பட்டா பால் வடியிற மாரி."

"எந்த டிப்போ?" என்றார் கனகாம்பாள்.

"பன்னெண்டாம் பாத்தி."

கனகாம்பாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் காட்டுக்கா? அதுக்கு நீங்க காசிக்கே போயிருக்கலாம்."

சித்திரை வருஷப்பிறப்புக்குப் பிறகு அம்மன் கோயில் கமிட்டி கோயிலின் பின்பக்க நிலத்தைப் பன்னிரண்டு பாத்தியாகப் பிரித்து, தெருக்காரர்கள் பயிர் வைத்துக்கொள்ளட்டும் என்று சீட்டுக் குலுக்கியது. பதினொன்று போய்விட்டது. பன்னிரண்டாவதை எவரும் சீண்டவில்லை. மடப்பள்ளி அண்டா கழுவிய தண்ணீர் இருபது வருஷமாக அங்கேதான் போகிறது. ஆள் உயரத்துக்குக் காடு. அதற்குள் நுழையும் கோழி ஒரு மாதம் கழித்துக் குஞ்சுகளோடு வெளியே வரும். சேவல் நுழைந்தால் வராது. கமிட்டிச் செயலாளர் கார்த்திகேசன் அதைப் பற்றி ஆறு அறிவிப்பு எழுதியிருக்கிறார், ஆறும் அந்தக் காட்டுக்குள்ளேயே மறைந்தன.

கார்த்திகேசன் பேசுவதும் எழுதுவதும் ஒன்றுதான். டீக்கடையில் உட்கார்ந்தால்கூட, "தம்பி, சர்க்கரை குறைத்து ஒரு தேநீர் வழங்கப்படுமா?" என்பார். அறுபத்தெட்டு வயது, தலைமுடி மட்டும் காக்காய்ச் சிறகு. சாயமா என்று கேட்கத் தெருவில் எவருக்கும் தைரியம் இல்லை. அரைகுறையாகக் கேட்டவர்களிடம் "மனத்தூய்மை" என்று சொல்லி முடித்துவிடுவார்.

அவர் உதயசூரியனிடம் பாத்தியை ஒப்படைத்தபோது நிபந்தனையையும் வாசித்தார். "ஆடி முதல் வெள்ளிக்கிழமை கமிட்டி நேரில் பார்வையிடும். அன்றைக்குப் புல் பூண்டு ஒழுங்கின்றி மண்டிக் கிடக்குமாயின், பாத்தி அடுத்த மனுதாரரைச் சேரும்."

அடுத்த மனுதாரர் பக்கத்திலேயே நின்றான். தமிழ்மணி. வாடகைக்கு நாற்காலியும் பந்தல் சாமானும் விடுகிறவன். காட்டை வேறு யாராவது வெட்டித் தந்தால், அவனுக்கு அங்கே சிமெண்டுத் தரை போட்டு, தகர ஷெட் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்க வேண்டும். "ஒண்ணும் அவசரம் இல்ல மாமா, மெதுவா பண்ணுங்க" என்று சிரித்தான். கையில் அளவு டேப் இருந்தது.

இருந்தது மூன்று வாரம். ஆனி மாத மழை அன்றைக்கும் விடாமல் பெய்துகொண்டிருந்தது.

உதயசூரியன் களத்தில் இறங்கிய விதத்தைத் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. லோன்ஜியை முழங்காலுக்கு மேல் தார்பாய்ச்சி, தலையில் பிளாஸ்டிக் பையைத் தொப்பியாக மாட்டி, வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், திரும்பியதும் இருட்டும்வரை. அரிவாள் சுழல, வாயும் சுழலும். "எறங்கு, எறங்கு! லாஸ்ட் ஸ்டாப் எப்பவோ வந்துருச்சு! தூங்கிட்டியா?" கோரை இறங்கியது. நாயுருவி இவர் லோன்ஜியைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கியது. தொட்டாற்சிணுங்கி முள்ளால் கீறியதும் கையை உதறிக்கொண்டு, "தொட்டா சுருங்குறவ பஸ்சுல ஏறலாமா? கார் புடிச்சுப் போகணும்!" என்று அதைத் தூரப் போட்டார். எட்டு வருஷச் சத்தமும் மடை உடைந்த மாதிரி வந்தது. மடப்பள்ளி ஐயர் சன்னலைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் காட்டுக்குள்ளிருந்து சாமான்கள் வெளியே வரத் தொடங்கின. பாயசக் கரண்டி இரண்டு. எந்தத் திருவிழாவிலோ தொலைந்த ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று. அதை வாயில் வைத்து "மியெனிகோன், ஹ்லெடான், இன்செய்ன்!" என்று பழைய பஸ் நிறுத்தங்களை ஒருமுறை கூவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார். கடைசியாகக் கொடி சுற்றிய ஒரு தகரப் பலகை. துடைத்துப் பார்த்தால், 'இவ்விடத்தில் செடி கொடி மண்ட விடலாகாது. இப்படிக்கு, செயலாளர்.'

ஐந்தாம் நாள் பாதிப் பாத்தி மொட்டையாக நின்றது. வெட்டியதையெல்லாம் மூலையில் மலையாகக் குவித்து, ஞாயிற்றுக்கிழமை கொளுத்திவிடலாம் என்று திட்டம். அன்று காலை தீப்பெட்டியோடு வந்தவர், படலுக்கு வெளியே ஒரு வரிசை நிற்பதைப் பார்த்தார். பஜ்ஜிக்கு நிற்கிற வரிசை இல்லை. எல்லார் கையிலும் காலிக் கூடை.

முதலில் நின்றவர் நூருன்னிசா. தெருவில் எல்லாருக்கும் அக்கா, வெற்றிலை வாய். "ஏன்டா தம்பி துரியா, என் கோவக்கொடி எங்கடா? பத்து வருசமா அந்த எலையிலதான்டா எங்க வூட்டு சூப்பு. மருமவ வேற புள்ளத்தாச்சி, அந்தச் சூப்பத் தவிர வேற எதுவும் வயித்துல தங்கல. அவகிட்ட நீ வந்து சொல்லு, வா."

அடுத்தவர் டோ ஸான். வல்லாரையை வெங்காயம், வறுத்த கடலை சேர்த்துப் பிசைந்து தட்டில் விற்கும் பர்மியப் பெண்மணி; தமிழர் தெருவில் முப்பது வருஷம் இருந்து, தமிழை வால் இல்லாமல் கற்றுக்கொண்டவர். "கோ துரியா, நீ என் எலை எல்லாம் வெட்டி. இன்னிக்கி நான் என்ன பெசையுறது? ஒன் தலையா?"

மூன்றாவதாக, கோயிலில் மாலை கட்டும் இராமையா. ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். மொட்டை மண்ணைப் பார்த்தார். உதயசூரியனைப் பார்த்தார். "அருகம்புல்லு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளையாருக்கு" என்றார்.

அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். ஒருவருக்குத் தும்பை, ஒருவருக்குக் குப்பைமேனி, ஒருவருக்குப் பொன்னாங்கண்ணி. இருபது வருஷமாக எவருக்கும் வேண்டாத பாத்தியில் தெருவே கையை விட்டுத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. மழைக்கால விடியலில் ஒவ்வொருவராக வந்து, தன்னுடையதை மட்டும் கிள்ளிக்கொண்டு, அடுத்தவரைப் பார்க்காமல் போயிருக்கிறார்கள்.

"இதெல்லாம் வேணும்னா சீட்டுக் குலுக்குனப்ப வாங்கியிருக்கலாம்ல?" என்று உதயசூரியன் கத்தினார்.

"வாங்குனா யாருடா அந்தக் காட்ட வெட்டுறது?" என்றார் நூருன்னிசா.

தெரு முழுதும் சிரித்தது. உதயசூரியன் மட்டும் தீப்பெட்டியைப் புரட்டிக்கொண்டு நின்றார். வெட்டினால் தெரு இவரை வெட்டும். வெட்டாவிட்டால் ஆடி வெள்ளியன்று பாத்தி போகும், மேலே சிமெண்டு விழும், தெருவின் இலையும் போகும், கனகாம்பாளுக்குச் சொன்ன சுரைக்காயும் போகும். அந்த நேரம் பார்த்துத் தமிழ்மணி டேப்பை நீட்டி வேலியின் நீளத்தை அளந்துகொண்டிருந்தான். "சும்மா பாத்துட்டுப் போறேன் மாமா."

தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு உதயசூரியன் அந்தக் குவியலருகே போனார். ஐந்து நாள் மழையில் நனைந்த குவியல். ஒரு கொத்தைத் தூக்கினார். கோவைக்கொடி. வெட்டுப்பட்ட கணுவில் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. அடியில் வல்லாரை. அதுவும் வேர். கொளுத்த வைத்த குப்பைமேட்டில் எல்லாம் ஜாம்ஜாமென்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. உதயசூரியன் முகம் மலர்ந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து தள்ளிவிட்டும் தொற்றிக்கொண்டே வந்த பயணிகளை இவர் பார்க்காததா?

அன்று மாலை படலில் ஒரு காலை வைத்து, வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் ஒலிபெருக்கிக் குழாய். குவியலிலிருந்து ஒவ்வொரு களையாக உருவித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்துக்கு ஆள் உண்டா என்று சபேயா கேட்கும் அதே ராகத்தில், "மத்தைங் பாலா?" என்றார்.

தெருவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு டோ ஸான், பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து கத்துவதுபோல, "பாதெ!" என்றார். உண்டு, நான் இறங்கணும்.

அதோடு பிடித்துக்கொண்டது. தும்பை தூக்கினார், "பாதெ!" பொன்னாங்கண்ணி, "பாதெ, பாதெ!" பார்த்தீனியம் தூக்கினார், சத்தம் இல்லை. "டிக்கெட் இல்லாதவன், எறங்கு!" என்று வேலிக்கு வெளியே வீசினார். அருகம்புல்லுக்கு இராமையா வாய் திறக்குமுன் தெருவே சேர்ந்து "பாதெ!" என்றது. பிள்ளையார் சார்பில் இராமையா தலையை மட்டும் அசைத்தார். மூன்று சாயங்காலம் இந்தக் கூத்து நடந்தது. மின்சாரம் போன தெருவில் வேறு பொழுதுபோக்கும் இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

மூன்றாம் நாள் ஒரு கரிசலாங்கண்ணிக் கொத்தைத் தூக்கினார். சின்ன வெள்ளைப் பூ, ஈரத்தில் பளபளவென்று. "மத்தைங் பாலா?" சத்தம் இல்லை. பூசைக்குப் போகிற வழியில் குடையோடு நின்றிருந்த கார்த்திகேசன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "டிக்கெட் இல்லாதவன்!" கொத்து வேலி தாண்டி விழுந்தது.

மறுநாள் விடியும் முன்பே மண்வெட்டியோடு வந்த உதயசூரியன், வேலிக்கு வெளியே கிடந்த டிக்கெட் இல்லாதவர்கள் குவியலில் ஒரு கறுப்புக் குடை கவிழ்ந்து நகர்வதைப் பார்த்தார். குடைக்கு அடியிலிருந்து ஒரு கை, கரிசலாங்கண்ணியை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி ஜோல்னாப் பைக்குள் போட்டது. காற்றில் குடை சாய்ந்தது. கார்த்திகேசன். நேற்றுத் தலையில் பூசிய சாறு மழையில் கரைந்து, நெற்றியிலிருந்து மூக்கு வரை மைக்கோடாக இறங்கியிருந்தது.

உதயசூரியன் மடப்பள்ளிச் சுவருக்குப் பின்னால் பாய்ந்து, நீளமான இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளேயிருந்து சிரிப்பு, வெந்நீர்க் கெண்டி மூடிபோல் முட்டியது. குடை கோயில் மூலை திரும்பும்வரை மூச்சு விடவில்லை. அப்புறமும் விடவில்லை. அன்று முழுவதும் ஃபேக்டரி கேட்டில் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் தோள் குலுங்கியதாம். வீட்டில் கனகாம்பாள் கேட்டதற்கு, "தும்மல்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கனகாம்பாள் இன்றைக்கும் சட்டிக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்கிறார். "ஒலகத்துல எல்லாரும் களை புடுங்குவாங்க. எங்க வூட்டு மனுசன் களை நட்டாரு!" நட்டார்தான். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்க வழி விட்டு, இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக. முன்னால், டிரைவர் பக்கத்து சீட்டில், பிள்ளையாரின் அருகம்புல். சன்னலோரம் பந்தல் போட்டுக் கோவைக்கொடி. நிழல் கேட்கும் வல்லாரை கோவைக்கு அடியில். ஒவ்வொரு வரிசைத் தலையிலும் ஒரு மூங்கில் சிம்பு, அதில் நிறுத்தத்தின் பெயர். நூருன்னிசா இன்செய்ன், டோ ஸான் ஹ்லெடான். "எனக்கு ஏன் ஹ்லெடான்? நான் அங்க போய் இருபது வருசம்" என்று டோ ஸான் சண்டைக்கு வந்தார். "சீட்டு வேணுமா, ஸ்டாப் வேணுமா?" என்றார் உதயசூரியன். சீட்டு போதும் என்று போய்விட்டார். கடைசி மூலையில் ஒரு வரிசைக்குச் சிம்பு மட்டும் இருந்தது, பெயர் இல்லை.

ஆடி முதல் வெள்ளி. தூறல். குடைகளோடு கமிட்டியில் மூன்று பேர், முன்னால் கார்த்திகேசன், கையில் கோப்பு. பின்னால் டேப்போடு தமிழ்மணி. வேலியைச் சுற்றி, கூடைகளோடு, தெரு. உதயசூரியன் வெளுத்த சட்டை போட்டு, படலில் ஒரு காலை வைத்து நின்றார். 

"பாத்தியிலுள்ள களைகள் யாவும் அகற்றப்பட்டனவா?" என்றார் கார்த்திகேசன்.

"களை ஏதுங்கய்யா? எல்லாம் டிக்கெட் எடுத்தவங்க."

தமிழ்மணி எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்து, கார்த்திகேசன் பக்கம் திரும்பினான். "பெரியப்பா, இது அத்தனையும் களைதான். வரிசையில நட்டா கீரையாயிருமா? இத எவனாவது காசு குடுத்து வாங்குவானா?"

"நீ வாங்கி!" டோ ஸான் வேலியை உலுக்கினார். "நேத்து ரெண்டு தட்டு நீ வாங்கி, தின்னு, இன்னும் கொஞ்சம் காரம் போடு சொல்லி!"

தமிழ்மணியின் சிரிப்பு பாதியில் நின்றது. கமிட்டியில் ஒருவர் இருமினார்.

கார்த்திகேசன் முதல் வரிசைக்கு வந்தார். "விதிப்படி புல் இருத்தல் ஆகாது. இது புல்."

இராமையா தொண்டையைச் செருமினார். "சரி" என்றார். "நாளைக்குப் பிள்ளையாருக்கு?" அன்றைய நாலு வார்த்தையில் மூன்று செலவாகிவிட்டது. கார்த்திகேசன் கோப்பைப் பார்த்தார்.  அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். கோவைக்கு அடியில் நூருன்னிசாவின் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; அங்கே அவர் ஒதுங்கி வழி விட்டு நகர்ந்தார்.

கடைசி மூலை. வெள்ளைப் பூ, ஈரத்தில் பளபளவென்று. கார்த்திகேசன் நின்றார். 

"இந்த வரிசைக்குப் பெயர் குறிக்கப்படவில்லையே?" என்றார்.

"ஆமா, அது யாருது?" என்றான் தமிழ்மணி. "கேட்டப்ப யாரும் 'பாதெ' சொல்லலியே. நான்தான் பாத்துட்டிருந்தேனே! டிக்கெட் இல்லாதத நட்டு வச்சிருக்காரு, பெரியப்பா. விதிய மீறியாச்சு."

தெரு மொத்தமும் உதயசூரியனைப் பார்த்தது. கார்த்திகேசன் பார்க்கவில்லை, அவர் தன் செருப்பைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். இருபத்திரண்டு வருஷம் எதையும் கத்திச் சொல்லியே பழகிய வாய். 

"அது மொத வண்டிப் பாசஞ்சருங்கய்யா" என்றார் உதயசூரியன், யாரும் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில். "விடியுறதுக்குள்ள வந்து போயிருவாரு. பேரு தெரியாது. இருட்டுல ஏறுற பாசஞ்சர் மூஞ்சிய சபேயா பாக்கக் கூடாது. எடம் குடுத்தாப் போதும்."

"யாருடா அது?" என்றார் நூருன்னிசா.

"தெரியாதுக்கா."

கார்த்திகேசனின் கை மெல்ல எழுந்து தலைமுடிப் பக்கம் போனது. பாதி வழியில் மனம் மாறி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தது.  பிறகு, இந்தத் தெரு அவரை அறிந்த நாளிலிருந்து முதல் முறையாக, கார்த்திகேசன் எல்லாரையும் போலப் பேசினார்.

"சரிப்பா. நல்லாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

தெரு அவர் வாயையே பார்த்தது. அவர் சட்டென்று நிமிர்ந்து, "அதாவது, பன்னிரண்டாம் பாத்தி இவரிடமே உறுதி செய்யப்படுகிறது" என்று கோப்பில் எழுதி, குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு நடந்தார். தமிழ்மணியின் டேப் 'சர்ர்ர்' என்று தானே சுருண்டது.

கூடைகள் உள்ளே பாய்ந்தன. இன்செய்னும் ஹ்லெடானும் இடித்துக்கொண்டன. "ஒருத்தர் ஒருத்தரா! படியில நிக்காத! இராமையாண்ணே, முன்வாசல்ல எறங்குங்க!" அந்தச் சத்தத்தில் மடப்பள்ளி ஐயர் சன்னலைத் திறந்து, சிரித்து, மறுபடியும் சாத்திக்கொண்டார்.

அந்தக் களேபரத்துக்கு நடுவே கனகாம்பாள் வந்து நின்றார். கையில் ஒரு பால் டப்பா. அதில் மூன்று வாரத்துச் சுரை நாற்று, இரண்டு இலையும் ஒரு பற்றுக்கம்பியுமாக. காசிக்குப் போகச் சொன்ன அதே நாளில் அவரே விதை போட்டிருக்கிறார்.

"டிப்போ முதலாளி, இத எங்க வைக்கிறது?"

உதயசூரியன் திரும்பிப் பாத்தியைப் பார்த்தார். வலப்பக்க வரிசை, இடப்பக்க வரிசை, நடுவழி. விரல் மடக்கி எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். வாய் பழக்கத்தில் "உள்ள..." என்று தொடங்கி, அப்படியே நின்றது. முப்பதடி நீளத்துக்கும் ஓர் உள்ளங்கை மண்கூட மிச்சமில்லை.

"எல்லாருக்கும் எடம் போட்டீங்க" என்றார் கனகாம்பாள். "எறும்புக்குக்கூட. நம்ம சுரக்காய மறந்துட்டீங்க."

"சபேயாவுக்கு ஏதுடி சீட்டு?"

சொல்லிவிட்டு டப்பாவை வாங்கினார். பாத்திக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. படல் மாட்டிய கம்பின் அடியில், தான் ஒரு காலை வைத்து நிற்கும் அந்த ஒரு சாண் இடத்தில், குந்தி உட்கார்ந்து விரலாலேயே குழி பறித்தார். நாற்றை இறக்கி மண்ணை அணைத்தார். பற்றுக்கம்பியின் நுனியை எடுத்துக் கம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிடித்துக்கொண்டதா என்று இழுத்துப் பார்த்தார். பிடித்துக்கொண்டது. எழுந்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, கம்பை உள்ளங்கையால் தட்டினார். டப், டப்.